குறைவில்லாமல் நடந்த அடியந்திரம்

சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் பகவதிப்பெருமாளின் சுக்கு மிளகுக் கடைக்குப் பின்கட்டில் வேலப்பன் என்றொருவர் இருநூறு வருடத்துக்கும் மேலாகச் சாக முடியாமல் இருந்துவந்தார். தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். புதிதாக வேலைக்குச் சேருகிறவன் சாக்கு எடுக்கப் பின்கட்டுக்குப் போய், அங்கே வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் கிழவரைப் பார்த்துவிட்டு இவர் யாரென்று கேட்பான். முதலாளியின் பாட்டாவுக்குப் பாட்டாவுக்குப் பாட்டா என்று சொல்லுவார்கள். அவனும் சரியென்று சாக்கைத் தூக்கிக்கொண்டு வருவான். ஏலக்காய் விலை காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றுமாக இருக்கிற தெருவில் இதையெல்லாம் நின்று விசாரிக்க யாருக்கு நேரம்? ஆளுக்கு ஒரு சாவுதான் உண்டு. வேலப்பனுடையதை அவருடைய தகப்பனார் முன்கூட்டியே செலவழித்துவிட்டார். ஆகையால் அவருக்குச் சாவு பாக்கியில்லை. சங்கதி இவ்வளவுதான். அது எப்படிச் செலவானது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வெள்ளைக்காரக் கம்பெனி திருவிதாங்கூரில் காலை நீட்டி உட்காரத் தொடங்கியிருந்த காலம் அது. வேலப்பனின் தகப்பனார் தாணுமாலயன் சுசீந்திரம் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்து சாலையில் கடை போட்டவர். அகத்தியமலைக் காட்டிலிருந்து அங்கே பூர்வகுடிகளான காணிக்காரர்கள் மிளகும் தேனும் மெழுகும் கொண்டுவந்து இறக்குவார்கள். கடையிலிருந்து உப்பும் கருப்பட்டியும் வெட்டுக்கத்தியும் கொண்டுபோவார்கள். அப்படி வந்துபோனவர்களில் மாத்தன் என்ற காணிக்காரனுக்கும் வேலப்பனுக்கும் ஒரே வயது. சேர்ந்துவிட்டால் இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. ஒருமுறை வேலப்பன் அவனைச் சங்குமுகத்துக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டினான். மாத்தன் அலையில் கைவிட்டு நக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு உப்பையும் இப்படி வெளியில் போட்டு வைத்திருக்கிறீர்களே, களவு போகாதா என்று கேட்டானாம். அந்தப் பகடியைச் சாலையில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம், சொன்னவன் யாரென்று தெரியாமலே.

பிறகு கம்பெனி ஒரு சட்டம் போட்டது. மலைமிளகு முழுவதும் கோட்டைக்கு வெளியே இருந்த கம்பெனிக் கிட்டங்கிக்குத்தான் போகவேண்டும், கம்பெனிக்காரன் வைத்ததுதான் அளவு. சாலையில் குடியேறிய வியாபாரி எவனும் காணிக்காரனிடம் ஒரு பிடி வாங்கக் கூடாது, அவனுக்கு ஒரு பிடி உப்பும் விற்கக் கூடாது. மீறியவர்களுக்கு நடுத்தெருவில் சவுக்கடி. மலையில் ஒரு மழைக்காலம் முழுவதும் உப்பில்லாத கஞ்சி குடித்தார்கள். குழந்தைகள் ஆடுகளைப் போலப் பாறையை நக்கிக்கொண்டு திரிந்தன. பிழைக்க வந்த நம்மவர்களும் காட்டுக்குச் சொந்தக்காரர்களான அவர்களும் ஒரு காரியத்துக்கென்று சேர்ந்தது அந்த ஒரே தடவைதான். உப்பை நாக்கில் வைத்துச் சத்தியம் பண்ணிக்கொண்டு கிட்டங்கிக்குத் தீ வைத்தார்கள். முன்னால் நின்றது வேலப்பனும் மாத்தனும். அத்தனை மிளகும் சேர்ந்து எரிந்த புகை கோட்டைக்குமேல் குடையாகக் கவிழ்ந்து நின்றது. ஊர் முழுக்க நாள்கணக்கில் கண்ணீர் விட்டது. சந்தோஷப்பட்டவர்களும் அழுதுகொண்டேதான் சந்தோஷப்பட்டார்கள். கம்பெனிச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கும்போதெல்லாம் தும்மினார்கள், குறி தப்பிக் காக்கை ஒன்றுகூடச் சாகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நம்மவர்கள் நினைத்தார்கள். சரித்திரப் புத்தகங்களில் இந்தக் கலகம் இல்லை, அதற்காக நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

காற்று திரும்பிப் புகை கலைந்ததும் பாளையங்கோட்டையிலிருந்து புதுப் பட்டாளம் வந்தது. அப்போது வேலப்பன் காய்ச்சலில் விழுந்து, வீட்டு நெல்லுப் பத்தாயத்துக்குள் ஒளிந்து கிடந்தான். மாத்தன் அவனுக்குப் பச்சிலை கொடுக்க மலையிலிருந்து வந்தவன், அடையாளம் தெரியாமலிருக்க வேலப்பனுடைய வேட்டியைக் கட்டி நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பத்தாயத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். சிப்பாய்கள் நுழைந்து வேலப்பன் யாரென்று கேட்டார்கள். வேலப்பனின் பெண்டாட்டி உலகம்மை நிறைமாதக் கர்ப்பிணி, வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாத்தன் அவளைப் பார்த்தான். பிறகு, நான்தான் என்று எழுந்து அவர்களோடு நடந்தான். தை மாதத்தில் ஒரு காலையில் கோட்டைவாசல் மருதமரத்தில் அவனைத் தூக்கில் போட்டார்கள். அவன் நான்தான் என்று சொன்னது பத்தாயத்துக்குள் கிடந்தவனுக்குக் கேட்டிருந்தது. வாயில் துணியை அடைத்துக்கொண்டு கிடந்தான்.

உடலை வாங்க வீட்டுக்காரர்கள் வந்தாக வேண்டும், வந்து அழவும் வேண்டும். இல்லாவிட்டால் சிப்பாய்களுக்குச் சந்தேகம் வரும். தாணுமாலயன் போனார், ஐயோ மகனே வேலப்பா என்று மாரிலடித்துக்கொண்டார். இதுவரைக்கும் குற்றமில்லை, உயிருக்குப் பயந்து சொன்ன பொய். அதன்பிறகு செய்ததில்தான் வந்தது வினை. தாணுமாலயன் வாழ்நாளில் ஒரு சடங்கையும் அரையும் குறையுமாகச் செய்தவரில்லை. திதிக்குக் கத்தரிக்காய் வாடியிருந்தால்கூடத் திரும்பவும் சந்தைக்கு ஆள் அனுப்புகிறவர். மந்திரத்தில் ஒரு பெயரை மாற்றியிருக்கலாம், ஒரு பிண்டத்தைக் குறைத்திருக்கலாம், பேருக்கு ஒன்று செய்துவிட்டுக் கையைக் கழுவியிருக்கலாம். மனுஷன் கேட்கவேண்டுமே! மகனுடைய பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாவற்றையும் சுத்தமாகச் சொல்லி, மாத்தனை எரித்து, பதினாறாம் நாள் அடியந்திரத்தை ஊரே மெச்சும்படி நடத்தினார். காணிக்காரர்கள் செத்தவர்களை மண்ணில்தான் வைப்பார்கள், எரிக்க மாட்டார்கள். அதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. சடங்கு பலித்துவிட்டது. வேலப்பன் என்ற பெயரில் எழுதியிருந்த சாவு முறைப்படி வந்து, முறைப்படி போய்விட்டது.

எலும்புக் கலசத்தைக் கன்னியாகுமரிக் கடலில் விட்டார்கள். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து காலடியில் வைத்தது. மறுபடி விட்டார்கள், மறுபடி வைத்தது. மணலில் நின்ற தாணுமாலயன் கலசத்தைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்து, பின்கட்டு உத்திரத்தில் ஓர் உறியில் தொங்கவிட்டார். அன்றிலிருந்து அது அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது, மேலே ஓடு மாற்றிக் கான்கிரீட் போட்ட பிறகும்.

வேலப்பன் காய்ச்சல் தெளிந்து பத்தாயத்திலிருந்து வெளியே வந்தபோது உலகம்மைக்குத் தாலி இல்லை. பதினாறாம் நாளே வாங்கிவிட்டார்கள். கட்டியவன் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுவிட்டுக்கொண்டிருக்க, அவள் நெற்றியில் பொட்டில்லாமல் அடுப்பூதினாள். பிள்ளை பிறந்தது. இன்னொன்று பெற வழியில்லை, கைம்பெண் பெற்றால் ஊர் சும்மா இருக்குமா? தட்டில் சோற்றை வைத்துக் கதவடியில் தள்ளிவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்படியே கிழவியாகிச் செத்தும் போனாள். அவளுக்குக் கொள்ளிவைக்க வேலப்பன் போக முடியவில்லை. செத்தவன் எப்படிக் கொள்ளிவைப்பான்? பெற்றவர்கள் போனார்கள், மகன் போனான், பேரன் போனான். வேலப்பன் எண்பது வயது வரைக்கும் எல்லோரையும் போல மூத்தார், அதன்பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

அவர் ஒருமுறை மலைக்குப் போனதுண்டு, தூக்குப் போட்ட அடுத்த வருடமே. ஆற்றங்கரையில் மாத்தனுடைய அம்மை வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மகனைக் கண்டாயா என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் அது காற்றிலேறிக் கோட்டைக்குப் போய்விடும், பால்குடி மாறாத பிள்ளை வீட்டில் இருக்கிறது. கடலைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னான் தாயே, பிறகு நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு உப்புப் போட்ட எதுவும் இறங்கவில்லை. இருநூறு வருடம் அவர் சாப்பிட்டதெல்லாம் உப்பில்லாத கஞ்சி.

அவர் திதிக்கு வீட்டில் படையல் போடாமல் இருந்ததில்லை, விட்டால் ஊர் கேட்கும். படைத்த சோற்றைக் காக்கை தொடாது. ஆள் உள்ளே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும்போது காக்கைக்குத் தெரியாதா? காக்கைக்குப் பதில் அன்றைக்கு அட்டைகள் வரும். மழைக்காட்டு அட்டைகள், தை மாத வெயிலில், தாரும் சிமெண்டுமாகக் கிடக்கிற சாலைத் தெருவில், எங்கிருந்தென்று தெரியாமல் வந்து உறிக்குக் கீழே கூட்டமாக நெளியும். வீட்டுப் பெண்கள் சுண்ணாம்பைத் தூவிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

சாக வழி கேட்டு வேலப்பன் அலையாத அலைச்சல் இல்லை. மகாராஜா காலத்தில் சர்க்கார் கச்சேரிக்குப் போய், செத்தது நானில்லை என்று சொல்லிப் பார்த்தார். செத்தவர் வாக்குமூலம் எடுக்க முறையில்லை, வீட்டுத் தலைவரை வரச்சொல்லும் என்று குமஸ்தா அனுப்பிவிட்டார். ஸ்ரீவராகம் கோயில் பக்கத்தில் சாஸ்திரம் கரைத்துக் குடித்த ஒருவர்தான் விடை சொன்னார்: கருமம் செய்த வீட்டின் தலைவன் நாலுபேர் நடுவில் இது பிழை என்று தன் வாயால் சொல்லவேண்டும், எலும்பை உரிய குலத்தார் கையில் தன் கையால் கொடுக்கவேண்டும், அப்போதுதான் சாவு அவனவனிடம் போய்ச் சேரும். வேலப்பன் வீட்டுக்கு வந்து பேரன் காலில் விழுந்தார். பேரனுக்குக் கம்பெனிப் பயம். அவன் மகனுக்குச் சர்க்கார் உத்தியோகப் பயம். சுதந்திரம் வந்தபிறகு பயம் போயிற்று, பெருமை வந்தது. கம்பெனியை எதிர்த்துத் தூக்கிலேறியவர் குடும்பம் என்று கடைக்குள் பலகை மாட்டினார்கள். அதைச் சொல்லிப் பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். பயத்தையாவது சமாதானப்படுத்தலாம், பெருமையை என்ன செய்வது? தலைமுறைக்கு ஒருவர் காலில் விழுந்து விழுந்து வேலப்பனுக்கு முழங்கால் காய்த்துப்போனது.

இப்போதைய தலைவர் பகவதிப்பெருமாளுக்குப் பிச்சம்மாள் வாழ்க்கைப்பட்டு வந்தது நாகர்கோவிலிலிருந்து. வந்த மறுநாள் பின்கட்டில் கிழவரைக் கண்டு, விவரம் கேட்டு, இதை ஏன் முன்னமே சொல்லவில்லை, ஒரு ஆளுக்குக் கூடுதலாக அரிசி போட்டிருப்பேனே என்று கோபித்துக்கொண்டாள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷி; வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவர்களுக்குத் திவ்யலட்சுமி என்று ஒரு பெண் பிறந்தது. அது வேலப்பன் மடியை விட்டு இறங்காது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயத்தில், பிடியில் விசில் வைத்த குடைதான் வேண்டுமென்று அப்பாவைப் பிடுங்கியது. சாலையில் பத்தடி நடந்தால் குடைக்கடை. பகவதிப்பெருமாள் சுக்கு லோடு வந்த மும்முரத்தில், மழை வரட்டும் மக்ளே, அடுத்த வாரம் வாங்கலாம் என்றார். மழை வந்தது. அதற்கு முன்னால் காய்ச்சல் வந்துவிட்டது. ஆறு வயது.

சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். புத்தன்கோட்டை மயானத்துக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போனது வேலப்பன்தான். தகப்பனுக்கு நடக்கக் கால் வரவில்லை. திரும்பி வந்த கிழவரைப் பார்த்ததும் பிச்சம்மாள் வெடித்துவிட்டாள். "எம்பிள்ள போய்ட்டு, நீரு இன்னும் கல்லு மாதிரி இருக்கீரு. உமக்கு வெக்கமாட்டு இல்லியா பாட்டா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். வேலப்பன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "எனக்குன்னு ஒரு சாவு கையில இருந்தா அந்த ஆசுபத்திரி வாசல்லேயே போட்டுட்டு அவளை மீட்டிருப்பேன் மக்ளே. எங்கிட்ட இல்லியே," என்று சொல்லி அழுதார். இரண்டு பேரும் சேர்ந்து வெகுநேரம் அழுதார்கள். அதற்குப் பிறகு பிச்சம்மாள் ஒரு விசில் குடை வாங்கிப் பீரோவில் வைத்தாள். பகவதிப்பெருமாள் வெள்ளிக்கிழமை தோறும் காலையில் கடை திறக்குமுன் புத்தன்கோட்டைக்குப் போய் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு வருவார். அதைப் பற்றி வீட்டில் பேச மாட்டார்.

வருடங்கள் போயின. போன வருடத்துக்கு முந்தின வருடம் தெருவை அழகுபடுத்தும் திட்டத்தில், ஆள் பின்கட்டில் இருப்பது தெரிந்தும் தெரியாததுபோல, முக்கில் வேலப்பனுக்கு ஒரு நினைவுக்கல் நாட்டுவதாகக் கமிட்டி போட்டுத் தீர்மானித்தார்கள். கருங்கல்லில் மூன்று பாஷையில், தூக்குமேடையில் உயிர்துறந்த வேலப்பன் என்று வெட்டுவது, திதியன்றே அமைச்சரைக் கொண்டு திறப்பது என்று ஏற்பாடு. அதைக் கேட்டது முதல் வேலப்பன் வெற்றிலையைத் தொடவில்லை. "வாயால சொன்ன பொய்யை வாயால அழிக்கலாம். கல்லுல வெட்டித் தெறந்துட்டா பொறவு எனக்கு எந்தக் காலத்திலயும் சாவு கெடையாது," என்றார் பிச்சம்மாளிடம். இருநூறு வருடம் பொறுத்தவர் அன்றுதான் முதன்முதலாக நடுங்கினார். உடம்பெல்லாம் குளிர்ந்துபோய், சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தார்.

கடைக்குத் தேன் கொண்டுவருகிற ஷிஜு கோட்டூருக்கு மேலே காட்டுக்குள் இருக்கிற காணிக் குடியிருப்பைச் சேர்ந்தவர், நாற்பதைத் தாண்டியவர். அவர் பின்கட்டில் தேன் நிறைத்த கன்னாசை இறக்கும்போதெல்லாம் காற்றே இல்லாமல் உறி ஆடும். ஆடுகிறதைப் பிச்சம்மாள் பல வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எலி என்று மனதைத் தேற்றிக்கொள்வாள். அன்று அவர் வந்தபோது உறி ஊஞ்சலாக வீசி ஆடியது. அவள் அவரை உட்காரவைத்து, உங்கள் ஆட்களில் மாத்தன் என்று ஒருத்தர் உண்டா என்று கேட்டாள். ஷிஜு ஆச்சரியப்பட்டார்.

"உண்டல்லோ சேச்சி. ஊருல சாற்று பாடும்போ எங்க பிலாத்தி செத்துப்போன மூப்பன்மார் பேரெல்லாம் விளிப்பாரு. மாத்தன்னு விளிச்சா மட்டும் கொக்கரைல சத்தம் வராது. ஆளு கடலைக் காணப் போனதாக்கும், இனியும் வரல்லேன்னு சொல்லுவாங்க."

பிலாத்தி என்றால் அவர்களுக்குப் பூசாரியும் வைத்தியருமாக இருப்பவர். சாற்று என்பது அவர் பாடுகிற சடங்குப் பாட்டு. கொக்கரை என்பது அவர் உரசி இசைக்கிற இரும்புக்குழல். அந்த இரும்பு ஒரு பெயருக்கு மட்டும் இருநூறு வருடமாக ஊமையாக இருந்திருக்கிறது. பிச்சம்மாள் உறியைக் காட்டினாள், எல்லாவற்றையும் சொன்னாள். ஷிஜு எழுந்து நின்று அண்ணாந்து பார்த்தார். கோபிக்கவில்லை, கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. "இத்தற நாளும் நான் இதுக்கு நேர் கீழ இருந்தல்லே சாயா குடிச்சேன்," என்று மட்டும் சொன்னார்.  தேனுக்குப் பணம் வாங்காமலே போய்விட்டார்.

திதியன்று மேடையில் உண்மையைச் சொல்லவேண்டும் என்று பிச்சம்மாள் சொன்னதும் பகவதிப்பெருமாள் முதலில் எகிறினார். கல் வெட்டியாகிவிட்டது, நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, மேடையில் நின்று எங்கள் ஆள் தூக்கிலேறவில்லை, பத்தாயத்தில் ஒளிந்துகிடந்தார் என்று சொன்னால் சாலைத் தெரு காறித்துப்பும், அப்பனும் பாட்டனும் கட்டிக் காத்த பேர் என்ன ஆகும் என்றெல்லாம் குதித்தார். பிச்சம்மாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். அவர் ஓய்ந்தபிறகு சொன்னாள்: "இஞ்ச பாருங்க. நம்ம பிள்ள எங்க கெடக்குன்னு நமக்குத் தெரியும். வெள்ளிக்கிழம போய் நிக்கியோ, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காண்டாம். அந்த மாத்தனுக்கும் ஒரு அம்ம இருந்தா. அவ எங்க போய் நிப்பா? அவ பிள்ளைய நாம சுக்குச்சாக்குக்கு மேல கட்டித் தூக்கியிருக்கோம்." பகவதிப்பெருமாள் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கை கழுவவும் மறந்து, தண்ணீர்த்தொட்டி பக்கத்தில் நின்று விம்மினார்.

தை மாதம் திதியன்று காலையில் முக்கில் பந்தல் போட்டு, அமைச்சர் வந்து, நாதஸ்வரமும் செண்டையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு முழங்கின. வேலப்பன் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பகவதிப்பெருமாள் மைக் முன்னால் வந்து, எழுதிக்கொடுத்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். தெருமுனையில் பிச்சம்மாள் கலசத்தைத் துண்டில் ஏந்திக்கொண்டு வந்தாள், பக்கத்தில் ஷிஜுவும் அவருடைய ஆட்களும். பகவதிப்பெருமாள் அவர்களைப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"தூக்குல ஏறினது எங்க ஆளு இல்ல," என்றார். "மலையிலேருந்து வந்த மாத்தன் காணியாக்கும். எங்க வீட்டைக் காப்பாத்த நான்தான்னு சொல்லிட்டுப் போனான். நாங்க அவனை எரிச்சு, அவன் பேரையும் முழுங்கிட்டோம். எங்க ஆளு இன்னா, முன்னால இருக்காரு. பிழை எங்களது. மன்னிக்கணும்னு கேக்கக்கூட எங்களுக்கு வாயில்ல."

 பந்தலின் பின்னாலிருந்து ஒருவன், அப்படியென்றால் சாயாவும் கடிக்க ஏதாவதும் உண்டோ இல்லையோ என்று கேட்டான். அமைச்சர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வந்ததற்குத் துணியை விலக்கிவிட்டு, அடுத்த கூட்டத்துக்குப் போனார்கள். யாரும் காறித்துப்பவில்லை. சொல்லப்போனால், எங்களில் பலர் கிழவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டோம். நல்லவேளை, துணி விலகுமுன்னே பிழை வாயால் வெளியே வந்துவிட்டது. அந்தக் கல் அதே எழுத்தோடு இன்னும் அங்கேதான் நிற்கிறது, மாற்றுவது பரிசீலனையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். பின்கட்டு அட்டைகள் மட்டும் பரிசீலனைக்கெல்லாம் நிற்கவில்லை. வரிசையாக இறங்கித் தெருவைக் கடந்து கிழக்கே பார்த்து நெளிந்து போயின. ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்தி வழிவிட்டார்கள்.

அன்றே ஒரு ஜீப்பில் நெடுமங்காடு வழியாகக் கோட்டூருக்குப் போனார்கள். செக்போஸ்ட்டில் வனக்காவலர் எல்லோரிடமும் ஆதார் கேட்டார். கிழவருடையது எங்கே என்று ஷிஜுவிடம் விசாரித்தார். இவர் மரிச்சுப் போன ஆளு சாரே, திரும்பி வரமாட்டாரு என்று ஷிஜு சொன்னார். அப்படியானால் பாஸ் வேண்டாம் என்று காவலர் கம்பைத் தூக்கிவிட்டார். ஆற்றங்கரையை அடைந்தபோது வேலப்பன் ஜீப்பை நிறுத்தச்சொல்லி இறங்கி, ஒரு பாறையைத் தொட்டுக்கொண்டு நின்றார். அங்கேதான் அன்று மாத்தனின் அம்மை உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

வெயில் சாயும் நேரத்தில், குடியிருப்புக்கு மேலே ஈட்டிமரத்தடியில் குழி வெட்டியிருந்தார்கள். பகவதிப்பெருமாள் கலசத்தைத் தன் கையால் தூக்கிப் பிலாத்தியின் கையில் கொடுத்தார். பிலாத்தி அதை மண்ணில் இறக்கிவிட்டு, கொக்கரையை உரசி, செத்த மூப்பன்மார் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்தார். மாத்தா என்று அழைத்தபோது இரும்பு கிணுகிணுவென்று சத்தம் போட்டது. அங்கிருந்த கிழவிகள் வாய்விட்டு அழுதார்கள், நேற்றுச் செத்தவனுக்கு அழுவதுபோல. வேலப்பன் மடியிலிருந்து ஒரு பிடி உப்பெடுத்துக் கலசத்தின்மேல் போட்டார். மீதி விரலில் ஒட்டியிருந்ததை நாக்கில் வைத்துக்கொண்டார். "உங்கம்மைகிட்ட நான் பொய் சொல்லிட்டேன் மாத்தா. நீ அவகிட்ட சொல்லீரு," என்றார். பிறகு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். அவருடைய முகம் மெல்ல மெல்லச் சாகப்போகிறவர்களின் முகமாயிற்று. அதைக் கண்டு பிச்சம்மாளுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் அவளைக் கிட்டே கூப்பிட்டார்.

"நான் போற எடத்துலதானே உம்பிள்ள இருக்கா மக்ளே. என்ன சொல்லட்டும்?"

 பிச்சம்மாள் கொண்டுவந்த பையிலிருந்து அந்தக் குடையை எடுத்தாள். சின்னக் குடை, ரோஸ் கலர், பிடியில் மஞ்சள் விசில். பீரோவில் இருந்தே சாயம் கொஞ்சம் மங்கியிருந்தது. அதை அவர் மடியில் வைத்து, "தாமசிச்சுப் போச்சுன்னு கோவிக்காண்டாம்னு சொல்லுங்க பாட்டா," என்றாள். பகவதிப்பெருமாள் குனிந்து, குடை விரியாமலிருக்க அதன் பித்தானைப் போட முயன்றார். அது வழுக்கி வழுக்கிப் போயிற்று. ஷிஜு உட்கார்ந்து போட்டுக்கொடுத்தார். வேலப்பன் இரண்டு கையாலும் குடையை அணைத்துக்கொண்டு, இருட்டுவதற்கு முன்னால் செத்துப்போனார்.

கொள்ளிவைக்க வீட்டுக்கு உரிமை இல்லை, அது எப்போதோ வைத்தாகிவிட்டது. ஒரே ஆளுக்கு இரண்டாம்தடவை கருமம் செய்யச் சாஸ்திரத்தில் இடமில்லை என்று போனில் கேட்டபோது புரோகிதரும் சொன்னார். மாத்தனை எங்கள் முறைப்படி எரித்தோம், வேலப்பனை அவர்கள் தங்கள் முறைப்படி மண்ணில் வைத்தார்கள், கலசத்துக்குப் பக்கத்திலேயே, மடியில் குடையோடு.

அடுத்த தையில் யாரும் சொல்லாமலே பிச்சம்மாள் இரண்டு இலை போட்டாள். காக்கைகள் வந்து இரண்டையும் சண்டைபோட்டுத் தின்றன. பின்கட்டு உறியில் இப்போது ஒன்றும் இல்லை, அவிழ்க்க மனம் வராமல் விட்டுவைத்திருக்கிறார்கள். ஷிஜு தேன் கொண்டுவருகிறார்; சாயா மட்டும் முன்கடையில் உட்கார்ந்து குடிக்கிறார்.

இடவப்பாதி என்கிற ஜூன் மாத மழை தொடங்குகிற அன்று, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், சாலைத் தெருவில் கிழக்கேயிருந்து மேற்காக ஒரு விசில் சத்தம் போகிறது. கூரை உயரத்தில், விட்டுவிட்டு, குடை கிடைத்த பிள்ளை ஊதுகிற மாதிரி. நாங்கள் தராசிலிருந்து தலையைத் தூக்காமலே, திவ்யா போகிறாள் என்று சொல்லிக்கொண்டு தார்ப்பாயை இழுத்து மூடுகிறோம். பகவதிப்பெருமாள் கல்லாவை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி, தலையில் ஒன்றும் போடாமல் மழையில் நிற்பார். மழை விடும்வரை கடையில் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.